530 கி.மீ. குழாய், 8 பம்ப் நிலையங்கள், ஓர் அவதூறு: பாலைக்குத் தண்ணீர் கொண்டுபோன ஓ'கானரின் கதை

வீட்டுக்குள் குழாய், திறந்தால் தண்ணீர். நகரத்தில் இருப்பவர்களுக்கு இது பேசவே தேவையில்லாத விஷயம். ஆனால், ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டிலோ, மழையே பார்க்காத ஒரு வறண்ட கிராமத்திலோ இருப்பவர்களைக் கேட்டால்தான் அந்தக் குழாயோட மதிப்பு தெரியும். அணை எங்கோ இருக்கும், வீடு எங்கோ இருக்கும். நடுவில் இருக்கிற தூரத்தை யாராவது ஒருவர் கணக்குப் போட்டு இணைத்தால்தான் தண்ணீர் வரும்.

அப்படி ஒரு கணக்கை 1896-ம் ஆண்டிலேயே போட்டவர் சார்லஸ் யெல்வர்ட்டன் ஓ'கானர். மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைமைப் பொறியாளர். கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அணையிலிருந்து, 530 கிலோமீட்டர் தள்ளி இருந்த வறண்ட உள்நாட்டுக்கு, அதுவும் மேட்டை நோக்கி, குழாய் வழியாகக் குடிநீர் கொண்டு போகலாம் என்று சொன்னவர். பலர் சிரித்தார்கள். சிலர் திருடன் என்றார்கள். ஆனால் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்க்க அவர்தான் உயிரோடு இல்லை.

யார் இந்த ஓ'கானர், அந்தக் குழாய் எப்படி வேலை செய்தது, அவருக்கு என்ன நடந்தது, அந்தத் திட்டம் கிராமங்களுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பஞ்சத்தில் தொடங்கிய வாழ்க்கை

1843 ஜனவரி 11-ம் தேதி, அயர்லாந்தின் மீத் கவுண்டியில் பிறந்தார் ஓ'கானர். அப்பா விவசாயி. ஓ'கானருக்கு இரண்டு வயதாகும்போது அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கிவிட்டது. அந்தப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் இறந்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் நாட்டை விட்டே கிளம்பினார்கள். ஓ'கானர் குடும்பமும் நிலத்தை விட்டு வாட்டர்ஃபோர்டு நகரத்துக்கு வந்தது. அங்கே அப்பாவுக்கு ரயில்வே கம்பெனி ஒன்றில் செயலாளர் வேலை.

ரயில்வே சூழலில் வளர்ந்த பையன் ரயில்வே பொறியாளரிடமே பயிற்சிக்குச் சேர்ந்தது ஆச்சரியமில்லை. அந்தக் காலத்தில் பொறியியலைக் கல்லூரியில் படித்துவிட்டு வருபவர்கள் குறைவு. அனுபவமுள்ள ஒருவரிடம் சில வருஷம் வேலை பழகித்தான் பொறியாளர் ஆவார்கள். ஓ'கானரும் அப்படித்தான் தொழில் கற்றுக்கொண்டார்.

1865-ல், 22 வயதில் நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலையே மலைக்கு நடுவில் சாலை போடுவதுதான். கிறைஸ்ட்சர்ச் நகரத்திலிருந்து ஆர்தர்ஸ் கணவாயைத் தாண்டி, மேற்குக் கரையில் இருந்த ஹோகிடிகா தங்க வயலுக்குப் போகும் சாலை. தங்கம் கிடைக்கும் இடத்துக்கு வசதியே இல்லாமல் கூட்டம் போய்விடும், அரசாங்கம் பின்னாலேயே ஓடிப்போய்ச் சாலையும் தண்ணீரும் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தப் பாடத்தை ஓ'கானர் நியூசிலாந்திலேயே கற்றுக்கொண்டார். பிற்பாடு ஆஸ்திரேலியாவில் அது அப்படியே கைகொடுத்தது.

நியூசிலாந்தில் 26 வருஷம். 1874-ல் சூசன் லெட்டிஷியா நெஸ் என்பவரைத் திருமணம் செய்தார். பொதுப்பணித் துறையில் படிப்படியாக மேலே வந்தார், துறையின் துணைச் செயலாளர் வரை போனார். ஆனால், தலைமைப் பொறியாளர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த ஏமாற்றத்தில் இருந்தபோதுதான் 1891-ல் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து அழைப்பு வந்தது.

எல்லா வேலையும் ஒரே ஆளுக்கு

அழைத்தவர் ஜான் ஃபாரஸ்ட். அந்தக் காலனியின் முதல் பிரீமியர், அதாவது முதலமைச்சர் மாதிரி. அவரே ஒரு நில அளவையாளர், உள்நாட்டுப் பாலைவனங்களில் பயணம் செய்தவர். தண்ணீர் இல்லாத நிலம் எப்படி இருக்கும் என்பது அவருக்கு நேரடியாகத் தெரியும்.

எந்த வேலை என்னோடது, ரயில்வேயா துறைமுகமா என்று ஓ'கானர் கேட்டதற்கு, எல்லாமேதான் என்ற பொருளில் ஃபாரஸ்டிடமிருந்து பதில் வந்ததாகச் சொல்வார்கள். நிஜத்திலும் அப்படியே நடந்தது.

அப்போது அந்தக் காலனியின் மக்கள்தொகை சுமார் 50,000 மட்டுமே. பரப்பளவோ இந்தியாவின் முக்கால் பங்குக்கு நெருக்கம். ஓ'கானர் முதலில் கைவைத்தது ஃப்ரீமான்டில் துறைமுகத்தில். ஸ்வான் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு பாறைத் திட்டு குறுக்கே கிடந்ததால் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாது. தபால் கப்பல்கள் எல்லாம் சுமார் 400 கி.மீ. தள்ளியிருந்த ஆல்பனிக்குத்தான் போகும். அதற்கு முன் ஆலோசனை சொன்ன பிரபல பொறியாளர் ஆற்றுவாய்க்குள் துறைமுகம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஃபாரஸ்டுக்கும் அதே எண்ணம்தான். ஓ'கானர் கடல் நீரோட்டத்தையும் மணல் நகர்வையும் ஆராய்ந்துவிட்டு, பாறையை உடைத்து ஆற்றுக்குள்ளேயே துறைமுகம் கட்டலாம் என்று நின்றார். 1897-ல் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைக்கும் அதே இடத்தில் இயங்குகிறது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் பாறைத் திட்டு, அந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்கள் ஆற்றைக் கடக்கும் வழி. அவர்களுடைய நம்பிக்கையோடும் கதைகளோடும் சேர்ந்த இடம். அதை வெடி வைத்து உடைத்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. ஓ'கானரைப் புகழ்ந்து எழுதும் பல கட்டுரைகளில் இந்த வரி இருக்காது. ஆனால் இருக்க வேண்டியது.

தங்கம் இருக்கு, தண்ணி இல்லை

1892-ல் கூல்கார்டியில் தங்கம் கிடைத்தது. அடுத்த வருஷம் அதற்குப் பக்கத்திலேயே கல்கூர்லியில் இன்னும் பெரிய தங்கப் படிவம். அவ்வளவுதான், உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் கூட்டம். 1891-ல் 50,000 ஆக இருந்த காலனி மக்கள்தொகை, 1901-ல் 1.8 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பிரச்சினை என்னவென்றால், இந்த இடம் பெர்த் நகரத்திலிருந்து கிழக்கே 500 கி.மீ.க்கும் அதிக தூரத்தில் இருக்கும் வறண்ட சமவெளி. வருஷம் முழுக்கப் பெய்தாலே சுமார் 250 மில்லிமீட்டர் மழைதான். ஆறு கிடையாது. ஏரி என்று வரைபடத்தில் இருப்பதெல்லாம் உப்புப் படுகை. தோண்டினால் வரும் தண்ணீரும் கடல் நீர் மாதிரி உப்பு.

அப்படியென்றால் அதுவரை அங்கே மனிதர்களே வாழவில்லையா? வாழ்ந்தார்கள். பூர்வகுடி மக்களுக்குப் பாறைகளில் இருக்கும் இயற்கையான குழிகள், ஊற்றுகள் எங்கே என்று துல்லியமாகத் தெரியும். 1860-களில் சார்லஸ் ஹண்ட் என்பவர் பூர்வகுடி வழிகாட்டிகளோடு போய், அந்த நீர்நிலைகளை ஒட்டியே கிணறுகள் அமைத்து ஒரு தடம் போட்டார். பின்னால் வந்த ரயில் பாதையும், ஓ'கானரின் குழாயும் பெரும்பாலும் அந்தத் தடத்தையே பின்பற்றின. ஆனால் அந்தச் சின்னச் சின்ன ஊற்றுகள் சிறு குழுக்களுக்குத்தான் போதும். ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிய கூட்டத்துக்குப் போதாது.

அதனால் உப்பு நீரைக் கொதிக்க வைத்து, ஆவியைக் குளிர வைத்து நல்ல தண்ணீர் எடுத்தார்கள். கண்டென்சர் என்று பெயர். அதற்கு விறகு வேண்டும், விறகுக்குக் காடு அழிந்தது. வந்த தண்ணீரை கேலன் கணக்கில் விற்றார்கள். காசு இருந்தால்தான் குடிக்க முடியும், குளியல் எல்லாம் ஆடம்பரம். சுத்தமில்லாத தண்ணீரால் டைபாய்டு பரவியது, இளைஞர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். 1896-ல் ரயில் வந்த பிறகு ரயிலிலும் தண்ணீர் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஆனால் தண்ணீர் ஏற்றும் ரயிலின் நீராவி எஞ்சினுக்கே தண்ணீர் வேண்டும் என்பதுதான் கொடுமை.

ஓ'கானர் சொன்ன திட்டம் என்ன?

1896 ஜூலையில் ஃபாரஸ்ட் சட்டமன்றத்தில் திட்டத்தை வைத்தார். 25 லட்சம் பவுண்டு கடன் வாங்க அனுமதி கேட்டார். அந்தக் காலனியின் ஓராண்டு வருவாயோடு ஒப்பிடத்தக்க தொகை அது. ஒரே ஒரு குடிநீர்க் குழாய்க்காக!

சுருக்கமாகத் திட்டம் இதுதான்:

முதலில், அணை. பெர்த்துக்குக் கிழக்கே இருக்கும் மலைத்தொடரில் மழை நன்றாகப் பெய்யும். அங்கே மன்டாரிங் என்ற இடத்தில் ஹெலெனா ஆற்றின் குறுக்கே காங்கிரீட் அணை.

இரண்டாவது, குழாய். 30 அங்குல விட்டம், அதாவது சுமார் 76 செ.மீ. நீளம் 330 மைல், 530 கி.மீ.

மூன்றாவது, பம்ப். வழியில் 8 பம்ப் நிலையங்கள். மொத்தம் 20 நீராவி பம்ப் எஞ்சின்கள்.

நான்காவது, கடைசியில் கல்கூர்லியில் மவுண்ட் சார்லட் என்ற குன்றின் மேல் ஒரு நீர்த்தேக்கம். அங்கிருந்து தண்ணீர் தன் எடையிலேயே ஊருக்குள் இறங்கும்.

அளவு: நாளொன்றுக்கு 50 லட்சம் கேலன். நம் கணக்கில் சுமார் 2.27 கோடி லிட்டர்.

ஏன் 8 நிலையங்கள்? ஒரே பம்பில் தள்ளக் கூடாதா?

நல்ல கேள்வி. தண்ணீர் மலையடிவாரத்திலிருந்து 300 மீட்டருக்கும் மேல் உயரத்துக்கு ஏற வேண்டும். அது ஒரு சுமை. இன்னொரு சுமை கண்ணுக்குத் தெரியாதது, உராய்வு. குழாயின் உள்சுவரில் தண்ணீர் உரசிக்கொண்டே போகும்போது அழுத்தம் குறைந்துகொண்டே வரும். 530 கி.மீ.க்கு இந்த இழப்பு மிகப் பெரியது. எல்லாவற்றையும் தாண்டும் அளவுக்கு ஆரம்பத்திலேயே ஒரே பம்பில் அழுத்தம் கொடுத்தால், குழாயே பிளந்துவிடும்.

அதனால் ரிலே ஓட்டம் மாதிரி பிரித்தார் ஓ'கானர். ஒரு நிலையம் தண்ணீரைத் தள்ளி அடுத்த இடத்தில் இருக்கும் தொட்டியை நிரப்பும். அங்கிருக்கும் பம்ப் அதை எடுத்து அடுத்த தொட்டிக்குத் தள்ளும். இப்படியே எட்டுக் கை மாறி மேலே போகும். கண்டர்டின், மெரிடின் என்று அந்த நிலையங்கள் இருந்த ஊர்கள் இன்றும் இருக்கின்றன. கண்டர்டின் பம்ப் நிலையம் இப்போது அருங்காட்சியகம்.

இன்னொரு முக்கியமான முடிவு, குழாயின் வகை. அந்தக் காலத்தில் இரும்புத் தகடுகளை வளைத்து, வரிசையாக ஆணி அடித்துத்தான் பெரிய குழாய்கள் செய்வார்கள். ஆணித் தலைகள் உள்ளே துருத்திக்கொண்டு நிற்பதால் உராய்வு அதிகமாகும், ஓட்டைகள் வழியாகக் கசிவும் இருக்கும். மெல்போர்னைச் சேர்ந்த மெஃபன் ஃபெர்குசன் ஆணியே இல்லாத ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார். இரண்டு அரைவட்டத் தகடுகளை நீளமான இரும்புப் பட்டைகளால் பூட்டுவது மாதிரி இறுக்கிச் சேர்ப்பது. பெரிய அளவில் யாரும் பயன்படுத்திப் பார்க்காத தொழில்நுட்பம். ஓ'கானர் துணிந்து அதைத் தேர்ந்தெடுத்தார். கிட்டத்தட்ட 60,000 குழாய்கள், ஒவ்வொன்றும் சுமார் 8.5 மீட்டர் நீளம். தகடுகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, பெர்த்துக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை போட்டுத் தயாரித்தார்கள். ரயிலில் ஏற்றி, பாதை ஓரமாகவே இறக்கிக்கொண்டே போனார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் இதன் அளவு புரியும். இந்தக் குழாயை ஒரு முறை முழுசாக நிரப்புவதற்கே சுமார் 24 கோடி லிட்டர் தண்ணீர் தேவை. அதாவது, முழு வேகத்தில் பம்ப் செய்தாலும் குழாய் நிரம்பவே 10 நாளுக்கு மேல்!

எதிர்ப்பு ஏன் வந்தது?

எதிர்த்தவர்கள் எல்லாருமே முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. சில கேள்விகள் நியாயமானவை.

தங்கம் தீர்ந்துவிட்டால்? கடன் மட்டும் மிஞ்சும், ஊர் காலியாகிவிடும். நிலத்தை ஆழமாகத் துளை போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்காதா, அதை முதலில் பார்க்கலாமே? உலகத்தில் யாருமே இவ்வளவு தூரம், இவ்வளவு தண்ணீரை மேட்டுக்கு ஏற்றியதில்லையே, நாம் மட்டும் எப்படி? அணையிலிருந்து கிளம்பும் தண்ணீர் வழியிலேயே கசிந்து தீர்ந்துபோனால்?

ஓ'கானர் இதையெல்லாம் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. 1897-ல் லண்டனுக்குப் போய், அந்தத் துறையில் பெரிய பெயர் பெற்ற பொறியாளர்கள் குழுவிடம் திட்டத்தைக் காட்டினார். அவர்கள் ஆராய்ந்து, செய்ய முடியும் என்று சொன்னார்கள். 1898-ல்தான் வேலை சூடு பிடித்தது.

சிக்கல்கள் வராமல் இல்லை. அணைக்கு அஸ்திவாரம் தோண்டியபோது ஆற்றுப் படுகைக்கு அடியில் பாறையில் பெரிய பிளவு இருப்பது தெரிந்தது. அதை முழுக்கத் தோண்டி எடுத்து காங்கிரீட் நிரப்ப வேண்டியதாயிற்று. அதில் நேரம் போனது. குழாய் இணைப்புகளில் ஈயம் உருக்கி ஊற்றி அடிக்கும் வேலையைக் கையால் செய்தால் முடியவே முடியாது என்று இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த இயந்திர ஒப்பந்தமே பிறகு சர்ச்சையானது.

பத்திரிகை, அரசியல், ஒரு மனிதர்

1901 ஜனவரியில் நிலைமை தலைகீழானது. ஆஸ்திரேலியக் காலனிகள் ஒன்று சேர்ந்து ஒரே நாடாகின. ஃபாரஸ்ட் மத்திய அமைச்சராகக் கிளம்பிவிட்டார். பத்து வருஷமாக ஓ'கானருக்கு நிழலாக இருந்தவர் அவர்தான். அவர் போன பிறகு மாநிலத்தில் ஆட்சி நிலையில்லாமல் போனது. ஒரே வருஷத்துக்குள் பிரீமியர்கள் அடுத்தடுத்து மாறினார்கள். அரசாங்கத்தில் இருந்த யாருக்கும் இந்தத் திட்டத்தைத் தன் திட்டமாகப் பாதுகாக்க அவசியம் இல்லை.

பெர்த்தில் வெளிவந்த சண்டே டைம்ஸ் பத்திரிகை ஏற்கெனவே ஓ'கானரைத் தொடர்ந்து தாக்கிக்கொண்டிருந்தது. 1902 பிப்ரவரியில் தாக்குதல் உச்சத்துக்குப் போனது. திட்டம் வீண் என்று சொல்வது வேறு. அவர் ஊழல் செய்து சம்பாதித்துவிட்டார் என்று சொல்வது வேறு. அந்தப் பத்திரிகை இரண்டாவதைச் சொன்னது. ஆதாரம் எதையும் வைக்கவில்லை. அரசாங்கம் ஒரு விசாரணை ஆணையத்தையும் அமைத்தது.

ஓ'கானர் அரசு ஊழியர். பத்திரிகைக்குப் பதில் எழுத முடியாது, மேடை ஏறிப் பேச முடியாது. அரசியல்வாதிக்கு ஒரு கட்சி இருக்கும், ஆதரவாளர்கள் இருப்பார்கள். அதிகாரிக்கு அவர் கையெழுத்துப் போட்ட கோப்புகள் மட்டும்தான். அவருக்காகப் பேச வேண்டிய அமைச்சர்கள் அமைதியாக இருந்துவிட்டார்கள்.

இதில் மனசு கனக்கும் விஷயம் என்னவென்றால், வேலை அப்போது நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. 1902 மார்ச் 8-ம் தேதி, சிரமமான ஒரு பகுதியில் தண்ணீரைப் பம்ப் செய்து பார்த்த சோதனை வெற்றி. இரண்டு நாள் கழித்து, மார்ச் 10-ம் தேதி காலை, வழக்கம்போலக் குதிரையில் ஃப்ரீமான்டிலுக்குத் தெற்கே கடற்கரைக்குப் போன ஓ'கானர், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 59.

அவர் விட்டுச்சென்ற குறிப்பில், திட்டம் சரியானதுதான், வாய்ப்பும் பாதுகாப்பும் கிடைத்தால் தன்னால் முடித்துக்காட்ட முடியும், ஆனால் அதற்கு இனி நம்பிக்கை இல்லை என்ற பொருளில் எழுதியிருந்தார். அதோடு நிறுத்தவில்லை. ஹெலெனா அணையின் பக்கச் சுவர்களை உடனே கட்டிவிட வேண்டும் என்ற வேலைக் குறிப்பும் அதிலேயே இருந்தது. அந்த நிலையிலும் அணைதான் அவர் தலைக்குள் இருந்திருக்கிறது.

உண்மை என்ன? ஒரு கட்டுக்கதை

ஓ'கானரைப் பற்றி இன்றும் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. குழாயைத் திறந்து வைத்தார்கள், தண்ணீர் வரவில்லை, அவமானம் தாங்காமல் அவர் இறந்துவிட்டார், அதன் பிறகு சில மணி நேரத்தில் தண்ணீர் வந்துவிட்டது என்று. கேட்க சினிமா மாதிரி இருக்கும். ஆனால் உண்மை இல்லை.

தேதிகளைப் பார்த்தாலே போதும். அவர் இறந்தது 1902 மார்ச்சில். தண்ணீர் கூல்கார்டியை அடைந்தது 1902 டிசம்பரில். கல்கூர்லியில் ஃபாரஸ்ட் முறைப்படி திறந்து வைத்தது 1903 ஜனவரி 24-ம் தேதி. கிட்டத்தட்ட பத்து மாத இடைவெளி.

இந்தக் கட்டுக்கதை ஏன் ஆபத்தானது என்றால், அது பழியை அவருடைய பொறுமையின்மை மேல் போட்டுவிடுகிறது. கொஞ்சம் காத்திருந்திருக்கலாமே என்று முடித்துவிடலாம். ஆனால் அவர் தண்ணீர் வராதோ என்று பயப்படவில்லை. வரும் என்று அவருக்குத் தெரியும். நேர்மையைச் சந்தேகித்து வந்த தாக்குதலும், துணை நிற்க ஆள் இல்லாத நிலையும்தான் அவரைச் சாய்த்தன.

விசாரணை என்ன சொன்னது? ஓ'கானர் ஊழல் செய்தார் என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை என்று சொன்னது. அவர் பெரிய சொத்து எதையும் விட்டுச் செல்லவும் இல்லை. குழாய் அவருடைய வடிவமைப்பின்படியே முடிக்கப்பட்டது. செலவும் அவர் போட்ட மதிப்பீட்டிலிருந்து பெரிதாக விலகவில்லை. அரசுத் திட்டங்களில் இது எவ்வளவு அபூர்வம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தங்கத்துக்காக வந்த குழாய், கோதுமைக்கு எப்படிப் போனது?

இனிதான் கிராமங்களின் கதை.

எதிர்த்தவர்களின் ஒரு பயம் பாதி நிஜமானது. மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்க உற்பத்தி 1903-ல் உச்சம் தொட்டு, பிறகு குறையத் தொடங்கியது. அதாவது, குழாய் திறந்த அதே வருஷம்! தங்கத்தை மட்டும் நம்பியிருந்தால் திட்டம் தோல்வி என்றே எழுதியிருப்பார்கள்.

ஆனால் குழாய் போகும் 530 கி.மீ.யில் பெரும்பகுதி, இன்றைக்குக் கோதுமை வளையம் என்று அழைக்கப்படும் விவசாயப் பகுதி. அங்கே குளிர்காலத்தில் கோதுமைக்குப் போதுமான மழை பெய்யும், கோடையில் ஒரு சொட்டு கிடைக்காது. விவசாயிகள் களிமண்ணில் குட்டை வெட்டி மழைநீரைச் சேர்த்து வைப்பார்கள். பெரிய பாறைகளைச் சுற்றிச் சின்னச் சுவர் கட்டி, வழிந்து வரும் நீரைத் தொட்டிக்குத் திருப்புவார்கள். அதுவும் தீர்ந்தால் வண்டியில் டேங்க் ஏற்றிக்கொண்டு மைல் கணக்கில் போக வேண்டும். பயிர் விளையும், ஆனால் குடும்பத்துக்கும் ஆடுகளுக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை என்ற விநோதமான நிலை.

முதலில் குழாய் ஓரத்தில் இருந்த ஊர்களுக்கு இணைப்பு கிடைத்தது. பிறகு பிரதான குழாயிலிருந்து கிளைகள் பிரிந்து, வடக்கிலும் தெற்கிலும் இருந்த ஊர்களுக்கும் பண்ணைகளுக்கும் போயின. நம் ஊரில் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்கிறோமே, ஒரு நீராதாரம், ஒரு பெரிய குழாய், அதிலிருந்து பிரியும் நூற்றுக்கணக்கான சிறிய குழாய்கள், அதே அமைப்புதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1940-களின் கடைசியில், மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்துகொண்டு விவசாயப் பகுதிக்கான விரிவான குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கின. இன்னும் அதிக தண்ணீர் வேண்டும் என்பதால் மன்டாரிங் அணையின் உயரமும் கூட்டப்பட்டது, 1951-ல் அந்த வேலை முடிந்தது. தங்க வயல் குடிநீர்த் திட்டம் என்ற பெயரோடு விவசாயம் என்ற சொல்லும் சேர்ந்தது.

இன்று இந்த வலையமைப்பு ஒரு லட்சத்துக்கும் அதிகமான மக்களுக்கும், சுரங்கங்களுக்கும், பண்ணைகளுக்கும், லட்சக்கணக்கான ஆடுகளுக்கும் தண்ணீர் கொடுக்கிறது. நீராவி பம்புகள் போய் மின்சார பம்புகள் வந்துவிட்டன. ஆனால் அடிப்படை யோசனை மாறவில்லை. 2011-ல் ஆஸ்திரேலியாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் இந்தத் திட்டம் சேர்க்கப்பட்டது.

திட்டத்தில் தவறே இல்லையா?

உண்டு. இரண்டைச் சொல்லலாம்.

ஒன்று, குழாயை மண்ணுக்குள் புதைத்தது. அந்தப் பகுதி மண்ணில் உப்பு அதிகம். இரும்பு வெளியிலிருந்து அரிக்கப்பட்டது. ஈயம் ஊற்றிய இணைப்புகளிலும் கசிவு. மண்ணுக்குள் இருந்ததால் கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 1930-களில் குழாயை வெளியே எடுத்து, இணைப்புகளை வெல்டிங் செய்து, தரைக்கு மேலே வைத்தார்கள். இன்றைக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் வெள்ளையாக நீண்டு போகும் குழாய் அதனால்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டாவது, ஓ'கானர் மறைந்த பிறகு நடந்தது. அணைக்கு இன்னும் அதிக மழைநீர் வரட்டும் என்று நீர்ப்பிடிப்புப் பகுதியில் மரங்களைப் பட்டை உரித்துச் சாகடித்தார்கள். மரம் இல்லாவிட்டால் தண்ணீர் அதிகம் ஓடி வரும் என்பது கணக்கு. ஆனால் மரங்கள் உறிஞ்சிக்கொண்டிருந்த நிலத்தடி நீர் மேலே ஏறி, மண்ணில் புதைந்திருந்த உப்பையும் கூடவே கொண்டுவந்தது. அணைத் தண்ணீரில் உப்பு கூடியது. பிறகு மறுபடி மரம் வளர்க்க வேண்டியதாயிற்று. குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது தொடங்கும் இடத்தில் காடு இருக்க வேண்டும் என்பதை அவர்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கதையிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?

கிராமத்துக்குக் குழாய் என்றாலே வீட்டு வாசலில் நிற்கும் குழாயைத்தான் எண்ணுகிறோம். ஓ'கானர் மறுமுனையிலிருந்து யோசித்தார். முதலில் நம்பகமான நீராதாரம், பிறகு பிரதான குழாய், பிறகு பம்ப், தொட்டி, கடைசியாகத்தான் வீடு. இந்த வரிசை மாறினால் குழாய் இருக்கும், தண்ணீர் இருக்காது.

அடுத்தது, தேவைக்கு மேல் கொஞ்சம் பெரிதாகக் கட்டும் தைரியம். தங்கத்துக்காகப் போட்ட குழாயில் கோதுமை விவசாயிக்கும் இடம் இருந்ததால்தான் திட்டம் பிழைத்தது.

மூன்றாவது, எங்களைப் போல ஊடகத்தில் வேலை செய்பவர்களுக்கானது. கோடிக்கணக்கான மக்கள் பணத்தில் நடக்கும் திட்டத்தைக் கேள்வி கேட்பது பத்திரிகையின் வேலை. கேட்காமல் இருப்பதுதான் தவறு. ஆனால், திட்டம் தேறுமா என்று கேட்பதற்கும், இவர் திருடன் என்று எழுதுவதற்கும் நடுவில் ஆதாரம் என்று ஒன்று இருக்கிறது. 1902-ல் அந்த ஆதாரம் இல்லாமலே அச்சு ஓடியது. விசாரணை முடிவு வந்தபோது, அதைப் படிக்க வேண்டிய ஆள் இல்லை.

ஃப்ரீமான்டிலில் 1911-ல் ஓ'கானருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அவர் கடைசியாகப் போன கடற்கரைக்கு இப்போது அவருடைய பெயர்தான். அங்கே கடலுக்குள், அலைகளுக்கு நடுவில், குதிரை மேல் ஒருவர் அமர்ந்திருக்கும் சிற்பம் ஒன்று இருக்கிறது. மன்டாரிங் நீர்த்தேக்கமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய மகள் கேத்லீன் ஓ'கானர், ஆஸ்திரேலியாவின் குறிப்பிடத்தக்க ஓவியர்களில் ஒருவரானார்.

கல்கூர்லியிலும், வழியில் இருக்கும் நூற்றுக்கணக்கான பண்ணை வீடுகளிலும் இன்று காலையிலும் குழாயில் தண்ணீர் வந்திருக்கும். பம்ப் நின்றால் மட்டுமே அங்கே அது செய்தி.

(மன அழுத்தமோ, தற்கொலை எண்ணமோ இருந்தால் தனியாகப் போராட வேண்டாம். தமிழக அரசின் 104, மத்திய அரசின் 14416 ஆகிய உதவி எண்களில் எந்த நேரமும் பேசலாம்.)